உள்ளிருந்து உளுத்துப்போகும் சைலன்சர்

பழைய ஜீப் வைத்திருப்பவர்களிடம் சைலன்சர் ஏன் ஓட்டை விழுகிறது என்று கேட்டால் மழையைச் சொல்வார்கள், சேற்றைச் சொல்வார்கள். அதெல்லாம் பாதிதான். மீதி டீசலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிப் புகையோடு போகிறது. குழாய் நல்ல சூட்டில் இருந்தால் ஆவி ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்து கிடந்தால் உட்சுவரில் வியர்த்து, வழிந்து, சைலன்சரின் அடியில் தேங்கும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் பின்குழாயில் கறுப்பாகச் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான்.

சீவலப்பேரியில் எங்கள் வீட்டிலிருந்து வாழைத்தோட்டம் ரெண்டு கிலோமீட்டர். உரமூட்டை, வாழைக்கன்று, பழுதான மோட்டார், சில நாள் வேலையாட்கள் என்று என் ஜீப் பெரும்பாலும் இந்த ரெண்டு கிலோமீட்டருக்குள்ளேயே போய்வருகிறது. இன்ஜின் சூடேறுவதற்குள் தோட்டம் வந்துவிடும். புகையிலுள்ள நீராவி 50 டிகிரிக்குக் கீழே தண்ணீராகிவிடக்கூடியது. இன்ஜினை ஒட்டிய குழாய் சீக்கிரம் அந்தச் சூட்டைத் தாண்டும். பின்னால் தொங்கும் சைலன்சருக்குச் சூடு போய்ச் சேர நேரம் பிடிக்கும். கல்லிடைக்குறிச்சியில் கிளம்பி மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறுகிற ஜீப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. மலையேற்றத்தில் கடைசி அங்குலம் வரை குழாய் காய்ந்துவிடும். அந்த வண்டிகளின் சைலன்சர் கல்லில் இடித்து நசுங்கும். ஊருக்குள் சுற்றுகிற வண்டியின் சைலன்சர் வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும், உள்ளே உளுத்திருக்கும்.

முன்பு இன்னும் மோசம். 1990களின் நடுப்பகுதி வரை நம் நாட்டு டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்று அனுமதி இருந்தது. அது எரிந்து, இந்தத் தண்ணீரோடு சேர்ந்து கந்தக அமிலமாகி இரும்பைத் தின்னும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 எரிபொருள் நாடு முழுக்க வந்த பிறகு கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்துவிட்டது. நாற்பது வயது ஜீப்பும் இன்று அந்தச் சுத்தமான டீசலைத்தான் குடிக்கிறது. புது வண்டிகளுக்காகக் கொண்டுவந்த மாற்றத்தில் பழைய வண்டிக்குக் கிடைத்த லாபம் இது.

என் வண்டிக்குக் கடைசி அடி விழுந்தது 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. சீவலப்பேரி சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற ஊர். ஒரு ஆறு பெருகினாலே நாங்கள் படியைப் பார்ப்போம், அன்று இரண்டும் பெருகின. ஜீப் சக்கரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது. இன்ஜினுக்குள் ஏறவில்லை, ஆனால் சைலன்சர் தாழ இருக்கிறதே. தண்ணீர் வடிந்த பிறகு பின்குழாயில் கம்பியை விட்டுக் குத்தினால் வண்டல் கட்டியாக விழுந்தது. முடிந்த மட்டும் கழுவினேன். ஆனால் சைலன்சரின் உள்ளறைக்குள் போன வண்டலை எந்தக் கம்பியாலும் எடுக்க முடியாது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அது உள்ளேயே இருந்துவிட்டது. பிறகு ஒரு நாள் தோட்டத்துப் பாதையில் வயிற்றுப்பகுதி அப்படியே பிளந்தது. சுடலைமாடன் கோயில் பக்கம் போனால் கொடைக்கு மேளம் வந்துவிட்டதா என்று கேட்கிற அளவுக்குச் சத்தம்.

வண்டி, மஹிந்திரா எம்எம் 540. அரசு ஏலத்தில் எடுத்து, என் அப்பா ஓட்டி, என் கைக்கு வந்தது. இந்த ஜீப்புகளின் வம்சம் சுவையானது. மஹிந்திரா, 1945இல் லூதியானாவில் மஹிந்திரா அண்டு முகமது என்று தொடங்கிய கம்பெனி. கூட்டாளி குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரானார்; 1948இல் கம்பெனி மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆனது. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை உதிரியாகக் கொண்டுவந்து பம்பாயில் பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே செய்தார்கள். பானெட் உயரமான சி.ஜே. 3பி வகை அமெரிக்காவில் 1953இல் வந்தது, 1968இல் நின்றது. இங்கே அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. எம்எம் 540 எண்பதுகளின் பிள்ளை. அதில் பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனியின் 2,112 சி.சி. டீசல் இன்ஜின்.

இப்போது குழாய்க்கு வருவோம். இன்ஜினின் நாலு சிலிண்டரிலிருந்தும் வரும் புகையை வாங்கிக்கொள்வது வார்ப்பிரும்பு மேனிபோல்டு. அதன் வாயில் பிளாஞ்ச் வைத்து முன்குழாய். அடுத்து சைலன்சர். அதன் பின்னால் வால் குழாய். அவ்வளவுதான் பாகங்கள். பாரம் ஏற்றி மேடேறும்போது மேனிபோல்டு பக்கம் புகையின் சூடு 500 டிகிரியைத் தாண்டும்.

சத்தம் எப்படி அடங்குகிறது? நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 2,400 சுற்று சுற்றினால், விநாடிக்கு 80 வெடிப்பு. ஒவ்வொன்றும் ஒரு அழுத்த அலையாகக் குழாயில் பாயும். வாய்க்காலில் விரட்டிக்கொண்டு வரும் தண்ணீர் குளத்தில் விழுந்ததும் வேகம் அடங்கி, மடை வழியாக நிதானமாகப் போகிறதே, சைலன்சருக்குள் உள்ள அறைகள் செய்வது அந்த வேலைதான். கூடவே இன்னொரு தந்திரமும் உண்டு. அறைச் சுவரில் மோதித் திரும்பும் அலை, எதிரே வரும் அலையோடு மோதி இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். அறைகளின் நீளத்தை இதற்காகவே கணக்குப் போட்டு வைப்பார்கள். வேறொரு வகையில் துளை போட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை திணித்திருக்கும். அது சத்தத்தை உறிஞ்சும், ஆனால் டீசல் கரி அடைத்துச் சீக்கிரம் வீணாகும். மோட்டார் வண்டியின் குழந்தைப் பருவத்திலேயே, 1897இல், அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் இன்ஜின் சத்தத்தை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை.

கடையில் கிடைப்பதை வாங்கி மாட்ட ஒரு மணி நேரம் போதும். பழையதைக் கழற்றத்தான் பொழுது போகும். மேனிபோல்டில் உள்ள ஸ்டட்டும் நட்டும் வருஷக்கணக்கில் வெந்து வெந்து ஒன்றாகிக் கிடக்கும். ஸ்பேனரை வைத்து ஆத்திரத்தில் இழுத்தால் ஸ்டட் கழுத்தோடு முறியும். அப்புறம் மேனிபோல்டை இறக்கி, முறிந்த துண்டை லேத்தில் கொடுத்துத் துளைத்து எடுக்க வேண்டும். பாளையங்கோட்டையில் நான் போகும் வெல்டிங் அண்ணாச்சி, முதல் நாள் சாயங்காலமே நட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறப்போட்டார். மறுநாள் கேஸ் வெல்டிங் தீயை நட்டின் மேல் மட்டும் காட்டினார். செக்கச் சிவந்ததும் தீயை விலக்கி, சிவப்பு தணிந்த பிறகு ஒரு மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டார். மெழுகு உருகி, சர்ரென்று இழுத்துக்கொண்டு மரைக்குள் போனது. ஸ்பேனரை வைத்து முதலில் முடுக்குகிற பக்கமாக ஒரு இணுக்கு, பிறகு கழற்றுகிற பக்கமாக ஒரு இணுக்கு. மூன்று நட்டும் அப்படியே வந்தன.

“தம்பி, இதுல புது நட்டு இரும்புல போடாதிய. பித்தளைல போடுங்க. அடுத்த தடவ கழத்துதவன் என்னை வாழ்த்துவான்.”

அவர் சொன்னது சரியான தொழில் ஞானம். பித்தளை நட்டு இரும்பு ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது. பெரிய வேறுபாடு இல்லாத விலையில் கிடைக்கிறது. ஆனாலும் பல பட்டறைகளில் கைக்குக் கிடைத்த இரும்பு நட்டைத்தான் போட்டு அனுப்புகிறார்கள்.

கேஸ்கெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் தாமிரத் தகட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வைத்தது. அதைக் காய்ந்தபடி சுரண்டி, கம்ப்ரசர் காற்றால் ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது; பல வருஷம் கழித்து நோயாகத்தான் தெரியும். தண்ணீரில் நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் போதும். புது கேஸ்கெட்டுகள் கிராபைட்டில் வருகின்றன.

சைலன்சர் வாங்கிவிடலாம். முன்குழாயும் வால்குழாயும் என் வண்டிக்குச் சரியாகப் பொருந்துவதாகக் கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடலாம், பழைய ஜீப்புக்குப் பேர்போன அரியானா மாநிலம் டப்வாலியிலிருந்து வரவழைக்கலாம். நாற்பது வருஷத்தில் என் சேஸிஸில் எத்தனை கைகள் வெட்டி ஒட்டியிருக்கின்றனவோ, கம்பெனி அளவு எனக்கு ஒத்துவராது. வளைத்துத்தான் ஆக வேண்டும்.

சும்மா குழாயை வளைத்தால் வளைவில் சப்பிப்போகும், புகைவழி குறுகும். அதற்கு மணல் போடுவார்கள். குழாயின் ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, மணலைக் கொட்டித் தட்டித் தட்டி இறுக்கி, மறுமுனையையும் அடைத்து, வளைய வேண்டிய இடத்தைச் சிவக்கச் சுட்டு வளைப்பது. உள்ளே இருக்கும் மணல் குழாயைச் சப்ப விடாது. நான் தாமிரபரணி மணல் ஒரு சட்டி கொண்டுபோயிருந்தேன். அண்ணாச்சி உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே தகரத்தில் பரப்பித் தீயில் வறுக்கச் சொன்னார். எனக்குக் காய்ந்தது மாதிரிதான் தெரிந்தது. “ஈரம் கடுகளவு இருந்தாலும் ஆவியாகி அடைப்பைத் தோட்டா மாதிரி தள்ளிரும், பாத்துக்கிடுங்க” என்றார். வறுத்த மணலைச் சல்லடையில் சலித்து, ஆறவைத்து, அதற்குப் பிறகுதான் குழாய்க்குள் போட்டார். வளைத்து முடித்துத் தட்டிக் கொட்டியபோது ஒரு பொட்டு மணல்கூட உள்ளே தங்கக் கூடாது என்று குழாயைச் சங்கிலி விட்டு உலுக்கினார்.

குழாயின் கனம் முக்கியம். 18 கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டர். 16 கேஜ் 1.6 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உழைப்பில் வித்தியாசம் தெரியும். நான் 16 போட்டேன். எவர்சில்வரில் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாகனக் கம்பெனிகள் பயன்படுத்தும் 409 ரகம் விலை குறைவு, வெளியே லேசாகத் துரு பூக்கும், ஆனால் தாங்கும். பாத்திரக்கடையில் புழங்கும் 304 பளபளக்கும், விலையும் கூட, சூட்டில் அதிகமாக நீளும். ஊருக்குள் சுற்றும் வண்டிக்குச் சாதாரண இரும்பும், சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்றும் போதும். தேங்கும் தண்ணீர் அதில் சொட்டிவிடும். சத்தம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. இந்த ஒற்றைத் துளைக்காக என்னோடு வாதாடியவர்கள் இரண்டு பட்டறைக்காரர்கள். துளை போட்டால் காசு கொடுத்து வாங்கியதை நாமே கெடுப்பதாகும் என்பது அவர்கள் கட்சி.

நாலு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் குழாய் போகும் பாதையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கார் என்றால் அடியில் இடம் தாராளம். ஜீப்பில் பின் அச்சுக்கு ஒரு ஷாப்ட், முன் அச்சுக்கு ஒரு ஷாப்ட், நடுவில் டிரான்ஸ்பர் கேஸ். முன்குழாய் இவற்றை ஒட்டித்தான் வளைந்து போக வேண்டும். பின்னாலோ ஸ்பிரிங் பட்டையில் உட்கார்ந்திருக்கும் அச்சு, பள்ளம் மேட்டில் கைப்பிடி அளவு ஏறி இறங்கும். சமதரையில் வண்டியை நிறுத்தி வைத்து, எல்லாம் விலகியிருக்கிறது என்று திருப்திப்பட்டால் முதல் வரப்பிலேயே வால்குழாயில் அச்சு மோதும். டேக் வெல்டிங் மட்டும் வைத்துவிட்டு, பின்சக்கரம் ஒன்றைத் தோட்டத்து வரப்பில் ஏற்றி, அதற்குக் குறுக்கே எதிர்மூலை முன்சக்கரத்தையும் கல்லில் ஏற்றி நிறுத்திவிட்டு அடியில் படுத்துப் பார்த்தோம். அச்சுக்கும் குழாய்க்கும் இடையில் இரண்டு விரல் நுழைந்தது. மூன்று விரல் நுழையும்படி மறுபடி வளைத்தோம். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். முடிந்தால் குழாயை இறக்கித் தரையில் வைத்து ஒட்டுங்கள். பழைய சி.ஜே. வகைகளில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு நேர் அடியில் இருக்கிறது.

அடிக்கடி குழாய் வெடிப்பதாகப் புலம்புகிறவர்கள் வண்டிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஒரு பட்டைக் கம்பியால் குழாயைச் சேஸிஸோடு வெல்டு வைத்திருப்பார்கள். கெட்டியாக இருக்கும் என்ற எண்ணம். இரும்பு சூட்டில் நீளும்: இரண்டு மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏழு மில்லிமீட்டர் கூடுகிறது. போதாததற்கு இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. நகர இடமில்லாத குழாய் வெல்டிங் ஓரத்தில் கிழியும். ரப்பரில் தொங்கவிட்டால் நீளவும் ஆடவும் வழி கிடைக்கும். கம்பெனி ரப்பர் கிடைக்காத ஊர்களில் பழைய டயரின் பக்கவாட்டைக் கீறி, துளையிட்டு, போல்ட் போட்டுத் தொங்கவிடுவார்கள். என் வண்டியிலும் அதுதான். உள்ளே நூல் ஓடுவதால் லேசில் அறாது.

வால்குழாயின் வாய் எந்தப் பக்கம் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புகை கீழ்நோக்கியோ இடதுபக்கமோ வரக் கூடாது. பின்பக்கமோ வலதுபக்கமோ போக வேண்டும். இடதுபுறம் நடப்பவர்களும், பஸ்ஸுக்கு நிற்பவர்களும் இருப்பார்கள் என்பதை யோசித்தால் காரணம் விளங்கும். எரிபொருள் குழாய்க்கு 35 மில்லிமீட்டருக்குள் புகைக்குழாய் வரக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. கேன்வாஸ் கூரை ஜீப்புக்கு நான் இன்னொன்று சேர்ப்பேன். பின்திரையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஓடினால், வண்டியின் முதுகில் காற்றழுத்தம் குறைந்து புகை உள்ளே இழுபடும். குழாயின் வாய் பாடியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெட்ரோல் ஜீப் என்றால் கண்டிப்பாக. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது.

பையன்கள் சிலர் சைலன்சரின் உள்ளறையை வெட்டி எறிந்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டிக்கொள்கிறார்கள். இழுவை கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அறுபது சொச்சம் குதிரைத்திறன் இன்ஜினில் கூடுவது சத்தம் மட்டும். சைலன்சர் கட்டாயம் என்று அதே மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி சொல்கிறது. சத்த, புகை வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். எனக்கு அபராதத்தைவிட, விடியற்காலையில் தெருவில் தூங்குகிற பிள்ளைகள்தான் கணக்கு.

மாட்டியான பிறகு கசிவு பார்ப்பது சுலபம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, தடித்த துணியைச் சுருட்டி வால்குழாயை ஒரு நிமிஷம் அடைத்துப் பிடிக்க வேண்டும். அழுத்தம் கையைத் தள்ளினால் நல்லது. எங்காவது ‘சிக், சிக்’ என்று கேட்டால் அங்கே சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். எங்களுக்கு முன் பிளாஞ்சில் கேட்டது. ஒரு நட்டை அரைச் சுற்று முடுக்கியதும் நின்றது.

தாம்போதியில் தண்ணீர் ஓடும்போது கடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வால்குழாய் முங்கினாலும் இன்ஜின் ஓடுகிற வரை புகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் ஆக்சிலேட்டரை விட்டு இன்ஜின் நின்றால் தண்ணீர் சைலன்சருக்குள் ஏறிவிடும். மலையிறங்கிச் சூடாக வந்த வண்டியை உடனே ஆழத்தில் இறக்காமல் கொஞ்சம் நிறுத்தி ஆறவிடுங்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பு மேனிபோல்டு குளிர்ந்த தண்ணீர் பட்டால் கீறிவிடும்.

சைலன்சர், குழாய், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. முதல் ஓட்டத்தில் புதுக் குழாயில் பூசிய சில்வர் பெயின்ட் புகைந்து, தோட்டத்து ஆட்கள் வண்டியில் தீப்பிடித்துவிட்டதென்று குடத்தோடு ஓடிவந்தார்கள். அடுத்த வாரம் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். ஆக்சிலேட்டரைச் சடாரென்று மிதித்து விட்டுப் புகையின் அடர்த்தியை அளக்கும் சோதனை அது. இந்தத் தலைமுறை டீசல் வண்டிக்கு அந்த அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை அனுமதி. ஓட்டைச் சைலன்சரோடு போனால் வெளிக்காற்று கலந்து அளவே தப்பாகும் என்று முன்பு சோதனைக்காரர் திருப்பி அனுப்பியிருந்தார். இந்தத் தடவை தேறியது. பழைய வண்டி என்பதால் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான். அதற்குள் சூட்டில் கேஸ்கெட் அமுங்கி நட்டுகள் தளர்ந்திருக்கும். வாழைத்தார் வெட்டு முடிந்ததும் ஒருமுறை முடுக்க வரச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி.